இடுப்பு வலியும் திதிக்ஷையும்

மனித சரீரத்தைச் சான்றோர் இறைவனின் ஆலயம் என்றனர். நோய்களின் உறைவிடம் என்றும் கூறினர். இவ்விரண்டும் உண்மையே. எந்த ஆலயமும் காலப்போக்கில் பழுதடைகிறது. பழுதைச் சீர்செய்யும் நாட்களிலும் அங்கு வழிபாடு நின்றுவிடுவதில்லை. சரீரம் என்னும் ஆலயத்தில் மிகப் பலருக்கு நேரும் பழுது இடுப்பு வலி. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 62 கோடி மக்கள் கீழ் முதுகு வலியால் துன்புற்றனர் என்று மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

உழைப்பவரின் முதுகு

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழகத்தை ஒட்டி அமைந்தவை. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு ஆகிய மலைப்பகுதிகளிலும் தமிழ் மக்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். பாலக்காட்டு வயல்களில் நாற்று நடும் பெண், சேற்றில் நின்று மணிக்கணக்கில் குனிந்தபடியே உழைக்கிறாள். மூணாறின் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து மூட்டையைச் சுமந்து இறங்குவோர் பலர். ஏலச்செடியோ தன் காய்களைத் தரையை ஒட்டிப் படரும் சரங்களில் தாங்குகிறது. ஆகவே காய் எடுப்போர் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் வேலை செய்ய வேண்டும். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்புகளில் ஏறி இத்தோட்டங்களுக்குச் சென்று திரும்பும் பெண்கள் பல்லாயிரவர்.

இவர்களுள் ஒருவருக்கு இடுப்பு வலி கடுமையாகும்போது ஒரு நாள் ஓய்வு என்பது ஒரு நாள் கூலியின் இழப்பாகும். அத்தகையவரிடம், "எல்லாம் பிராரப்தம், பொறுத்துக்கொள்" என்று கூறுவது எளிது. சாஸ்திரம் கூறும் பொறுமை இதுதானா என்பதை ஆராய்ந்து அறிய வேண்டும்.

திதிக்ஷை என்பது யாது?

குளிர், வெப்பம், இன்பம், துன்பம் ஆகியவை புலன்கள் பொருள்களோடு தொடர்பு கொள்வதால் எழுபவை. அவை வந்து மறைபவை. ஆதலால் அவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறார். இப்பொறுமைக்கே திதிக்ஷை என்று பெயர். ஆதிசங்கரர் அருளியதாகப் போற்றப்படும் விவேகசூடாமணி, துன்பங்களுக்கு மாற்றுத் தேடாமல், கவலையும் புலம்பலும் இன்றி அவற்றைத் தாங்குவதே திதிக்ஷை என்று இலக்கணம் வகுக்கிறது.

அப்படியாயின் மருந்து உண்பது தவறா? அன்று. மோக்ஷத்தையே நாடும் சாதகனுக்குரிய ஆறு செல்வங்களை விளக்கும் இடத்தில் கூறப்பட்ட இலக்கணம் அது. குடும்பத்தைத் தாங்கும் இல்லறத்தானுக்கு உடலைப் பேணுவது கடமையாகும். உணவு, ஓய்வு, செயல், உறக்கம், விழிப்பு அனைத்தும் அளவோடு அமைந்தவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்று ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. சாஸ்திரம் விதிக்காத கடுந்தவத்தால் உடலை வதைப்போரைப் பதினேழாம் அத்தியாயம் கண்டிக்கிறது.

ஆகவே இல்லறத்தான் அவ்விலக்கணத்திலிருந்து முதன்மையாகப் பெற வேண்டியவை இரண்டு: கவலையை விடுதல், புலம்பலை விடுதல். இடுப்பில் உள்ள வலி உடலுக்குரியது. "இனி நிமிரவே முடியாதோ? வேலை போய்விடுமோ? எனக்கு மட்டும் ஏன் இந்தத் துன்பம்?" என்ற எண்ணங்கள் மனத்திற்குரியவை. முன்னதற்கு வைத்தியரிடம் மருந்து உண்டு. பின்னவற்றை மனமே கைவிட வேண்டும். குனிந்தால் வலிக்குமோ, நடந்தால் வலிக்குமோ என்ற அச்சத்தால் அசையாமல் கிடப்போருக்கு வலி நீடிக்கிறது என்பதை இன்றைய மருத்துவமும் உணர்ந்துள்ளது.

பட்டத்திரி காட்டிய வழி

வலியின் நடுவே வாழும் முறையைக் கேரள மண்ணில் வாழ்ந்து காட்டியவர் மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி. அவருடைய ஆசிரியர் திருக்கண்டியூர் அச்சுதப் பிஷாரடி, வானியலிலும் இலக்கணத்திலும் வல்லவர். அவரை வாத நோய் முடக்கியபோது, குருவின் துன்பத்தைக் காணப் பொறாத சீடர் அந்நோயைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்பது மரபு. அப்போது அவர் முப்பது வயது நிறையாத இளைஞர். வெறும் இடுப்பு வலியினும் கொடியது அந்நோய்; அங்கங்களையே முடக்கியது.

துன்பத்தில் ஆழ்ந்த பட்டத்திரி, துஞ்சத்து எழுத்தச்சனிடம் வழி கேட்டனுப்பினார். மீனிலிருந்து தொடங்குமாறு விடை வந்தது. புலால் உண்ணாத மரபினருக்கு இப்படியொரு அறிவுரையா என்று உடனிருந்தோர் திகைத்தனர். பட்டத்திரியோ, மச்சாவதாரம் முதலாகப் பகவானின் அவதாரங்களைப் பாடுக என்பதே அதன் பொருள் என உணர்ந்து குருவாயூரை அடைந்தார். இந்த எழுத்தச்சன் தம் இறுதிக்காலத்தைக் கழித்த இடமாகப் போற்றப்படுவது பாலக்காட்டுச் சித்தூர். அங்கு அவருடைய குருமடம் உள்ளது. அதனருகே ஓடும் ஆற்றின் பெயர் சோகநாசினி, துயரத்தை அழிப்பவள்.

குருவாயூரப்பன் சந்நிதியில் பட்டத்திரி நாள்தோறும் ஒரு தசகம் வீதம் நூறு நாட்களில் நாராயணீயத்தை இயற்றினார் என்பர். பதினெண்ணாயிரம் சுலோகங்கள் கொண்டதெனப் போற்றப்படும் பாகவதத்தின் சாரம், ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சுலோகங்களில் அடங்கியது. தசகங்கள் பலவற்றின் முடிவில், இந்நோயைத் தீர்த்தருள வேண்டும் என்று அவர் விண்ணப்பிக்கிறார். வலியை அவர் மறைக்கவில்லை. வலியில்லாதவர் போல் நடிக்கவும் இல்லை. வலியை இறைவனிடம் சொன்ன பின், மறுநாள் அடுத்த தசகத்தைத் தொடங்கினார். புலம்பலுக்கும் பிரார்த்தனைக்கும் உள்ள வேறுபாடு இதில் விளங்கும். புலம்புகிறவன் வலியையே சுற்றிச் சுற்றி வருகிறான். பிரார்த்திக்கிறவன் அதை ஓரிடத்தில் ஒப்படைத்துவிட்டுத் தன் கடமைக்குத் திரும்புகிறான்.

நூல் நிறைவுறும் சொல் ஆயுளையும் ஆரோக்கியத்தையும் சௌக்கியத்தையும் வேண்டுகிறது. அச்சொல்லின் எழுத்துகளைக் கடபயாதி முறையில் எண்ணாக்கினால் 17,12,210 என்று வரும். அது கலியுகம் தொடங்கியதிலிருந்து கணக்கிட்ட நாள். 1586-ஆம் ஆண்டின் இறுதியில் அமைகிறது. அன்று அவர் நோய் நீங்கப் பெற்றார் என்று பக்தர்கள் போற்றுகின்றனர். பிரக்ரியா சர்வஸ்வம் என்னும் சிறந்த இலக்கண நூலை அவர் பின்னர் இயற்றினார். பாலக்காட்டின் அக்ரஹாரங்களில் நாராயணீய பாராயணம் இன்றும் நடைபெறுகிறது.

நிவாரணத்திற்கு உரிய முயற்சி

பட்டத்திரியின் வரலாற்றைக் கேட்டு, வைத்தியரை நாடாமல் பாராயணம் மட்டும் போதும் என்று முடிவு செய்வது பக்தியாகாது. இடுப்பு வலியுடன் கால் பலவீனமடைதல், தொடையிடுக்கு மரத்துப்போதல், சிறுநீரையோ மலத்தையோ அடக்க இயலாமை ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கீழே விழுந்தபின் தோன்றும் வலி ஆகியவற்றையும் புறக்கணிக்கலாகாது.

இத்தகைய அறிகுறிகள் இல்லாத வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். நெடுநாள் படுக்கையில் கிடப்பது அதற்கு உதவாது. இயன்ற அளவு நடமாடுவதே நன்று. நாள்பட்ட இடுப்பு வலி குறித்து உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நோயைப் பற்றிய தெளிவு, உடற்பயிற்சி, மனத்திற்கு அளிக்கும் சிகிச்சை ஆகியவற்றை எடுத்துரைக்கிறது. இடுப்புப் பட்டை அணிவதை அது பரிந்துரைக்கவில்லை. கேரளத்து ஆயுர்வேதத்தில் கடிவஸ்தி என்னும் முறை உண்டு. உளுந்து மாவினால் இடுப்பின் மேல் வரம்பு கட்டி, இளஞ்சூடான தைலத்தை அதனுள் நிறுத்துவர். தகுதி வாய்ந்த வைத்தியரின் மேற்பார்வையில் இத்தகைய சிகிச்சைகளைப் பெறலாம்.

நாள் ஒன்றுக்கு ஒரு தசகம் என்ற பட்டத்திரியின் அளவு இங்கும் பொருந்தும். முதல் நாள் வீட்டு வாசல்வரை நடை, மறுவாரம் தெருக்கோடிவரை நடை எனச் சிறிது சிறிதாக உடலைப் பழக்க வேண்டும். அந்நடையோடு நாமஜபம் சேருமாயின் மனம் வலியை எண்ணி எண்ணித் தளராது.

பிறர் வலி

பட்டத்திரியின் வரலாற்றில் பலரும் கருதாமல் கடந்து செல்லும் செய்தி ஒன்று உண்டு. குரு நோயுற்றபோது சீடர் அவருக்குப் பொறுமையை உபதேசிக்கவில்லை; அவருடைய சுமையைத் தம்மேல் ஏற்க முன்வந்தார். தமக்கு நோய் வந்தபோதுதான் பொறுமையைக் கைக்கொண்டார். திதிக்ஷை தன் துன்பத்தின்முன் மேற்கொள்ள வேண்டிய சாதனை. பிறர் துன்பத்தின்முன் மேற்கொள்ள வேண்டியது கருணை. இவ்விரண்டையும் இடம் மாற்றிக்கொள்பவன் தன் வலிக்கு அழுகிறான், பிறர் வலிக்கு வேதாந்தம் பேசுகிறான்.

பிறர் நோயைத் தன் உடலில் ஏற்கும் ஆற்றல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் மலைத்தோட்டத்திலிருந்து மாலையில் திரும்பும் தாயின் கையிலிருந்து தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்ள மகனுக்கு இயலும். வலியால் குனிய முடியாத மனைவிக்காகக் கணவன் வீடு பெருக்கலாம். வேலை கொடுப்போர், குனிந்து உழைப்போருக்கு இடையிடையே நிமிர்ந்து இளைப்பாற நேரம் தரலாம். மூட்டையின் எடையைக் குறைக்கலாம். பிறர் முதுகிலிருந்து இறக்கப்படும் ஒவ்வொரு சுமையும் அவருள் உறையும் இறைவனுக்குச் செய்யும் பூஜையாகும்.