ஒரு பல் பிசகு

தெரியாமல் செய்த பிழைக்கும் பொறுப்பேற்க வேண்டுமா? பௌத்தரும் சமணரும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடிய கேள்வி இது. செயலின் உயிர் அதன் பின்னுள்ள எண்ணம் என்றது பௌத்தம். எண்ணம் எதுவானாலும் செய்த செயல் ஒட்டிக்கொள்ளும் என்றது சமணம். பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி என்ற இல்லறத்தார் மகாவீரர் சார்பில் புத்தரோடு வாதிடப் போனது இதற்காகத்தான். சுவேதாம்பரச் சமணர் போற்றும் சூத்திரகிருதாங்கமோ, குழந்தையைச் சுரைக்காய் என்று நினைத்துக் கொன்றால் பாவமில்லையா என்று பௌத்தரைக் கேலி செய்கிறது. தமிழில் பௌத்தரின் குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமணரின் நீலகேசியும் இந்த இரு தரப்பின் சண்டையில் பிறந்த நூல்தான். புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டக் குகையில் வழுவழுப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளில் நோன்பு நோற்றவர்கள் இந்தச் சமணத் துறவிகளே. 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் அங்கே அறிவர் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கால் வைக்கும் இடத்தையும் மயிற்பீலியால் கூட்டிவிட்டு வைத்த மரபு அது. அவ்வளவு கவனம் தேவையா என்று சிரிக்கிறவர்கள் இன்றும் உண்டு. சிரிப்பதற்கு முன், காரின் டைமிங் பெல்ட்டை வீட்டு வாசலில் தன் கையாலேயே மாற்றுகிறவனின் வேலையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் வால்வுகளை இயக்கும் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு வழிவிட்டு மேலே ஒதுங்கியிருக்க வேண்டும். டாடா இண்டிகா டீசலிலும், மஹிந்திரா வெரிட்டோவின் 1.5 லிட்டர் டீசலிலும் இந்த ஒழுங்கைக் காப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். கிராங்க் சக்கரத்தில் 20 பல், கேம் சக்கரத்தில் 40 பல் என்று வைத்துக்கொண்டால், பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே கிராங்க் கணக்கில் 18 டிகிரி பிசகிவிடும். ஒரு பல் என்றால் பெரும்பாலும் இழுவை குறையும், புகை தள்ளும், ஐடிலிங் தடுமாறும். இரண்டு மூன்று பல் என்றால் பிஸ்டன் வால்வை முட்டும், வால்வு வளையும், ஹெட்டை இறக்கியே தீர வேண்டும். பெல்ட்டைப் பூட்டியவன் நல்லவனா, அவசரத்தில் இருந்தானா, யாருக்காகச் செய்தான் என்பதையெல்லாம் இன்ஜின் விசாரிப்பதில்லை. சமணர் சொன்ன வினை எப்படி இயங்கும் என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. நடுவில் நீதிபதி யாரும் இல்லாமலேயே செயலிலிருந்து பயன் விளைகிறது.

இரும்புக்கு ஏது அறம், வளைந்த வால்வு நஷ்டம்தானே, அதில் பாவம் எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரும்பு நமக்கு அறம் கற்றுக்கொடுக்கவில்லை. மனிதர் விவகாரத்தில் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கும் இரண்டை அது பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவே. ஊரில் ஒருவன் தவறு செய்தால் அவன் குடும்பம், குணம், வயது எல்லாம் பார்த்து நாம் விளைவையே மறந்துவிடுவோம். இங்கே விளைவு தனியாக நிற்கிறது. பழியைத் தனியாக எடை போட முடிகிறது. தவிரவும் அந்த வண்டி வாசலிலேயே நிற்கப் போவதில்லை. திருச்சியிலிருந்து கீரனூர், புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி போகும் சாலையில், பின்னால் லாரி வரும்போது இன்ஜின் சட்டென்று நின்றால், ஸ்டியரிங் கனத்துப் போகும். பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் பெல்ட் மாற்றியவனை நம்பி ஏறியவர்கள். அந்த இடத்தில் நஷ்டக்கணக்கு முடிந்து அறக்கணக்கு தொடங்குகிறது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. விளைவை வைத்தே பழி சொல்வதென்றால், எல்லாவற்றையும் சரியாகச் செய்தும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் புதிய டென்ஷனரின் பேரிங் உடைந்து வால்வை இழந்தவன் குற்றவாளி. கண்ணை மூடிக்கொண்டு பூட்டியும் தற்செயலாகச் சக்கரங்களின் மார்க் சேர்ந்துவிட்டவன் நிரபராதி. இந்த அநியாயத்தைச் சமண ஆசிரியர்களே முன்கூட்டிக் கண்டிருந்தார்கள். வந்தவாசிப் பக்கத்துப் பொன்னூர் மலையோடு மரபு சேர்த்துப் பேசும் குந்தகுந்தர், பிரவசனசாரத்தில், கவனமின்றி நடப்பவனுக்கு உயிர் செத்தாலும் பிழைத்தாலும் ஹிம்சை உறுதி என்றும், கவனத்தோடு நடப்பவனை வெறும் மரணம் கட்டாது என்றும் வகுக்கிறார். தத்துவார்த்த சூத்திரமும் ஹிம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது கவனப்பிசகை அதற்குள் வைக்கிறது. அப்படியென்றால் சமணர் பிடித்தது விளைவை அல்ல, அசட்டையை. பௌத்தர் உடனே, அசட்டையும் மனத்தில்தானே இருக்கிறது, அப்போது நாங்கள் சொன்னதுதானே என்பார்கள். சொல்லட்டும். புத்தரின் கடைசி அறிவுரையே சோர்வின்றி முயலுங்கள் என்பதுதான். திருக்குறளும் பொச்சாவாமைக்கு, அதாவது மறதியால் சோர்ந்துவிடாமைக்கு, 54ஆம் அதிகாரத்தை ஒதுக்கி, அதைச் செங்கோன்மைக்கு முன்னால் வைக்கிறது. எண்ணமா செயலா என்று முட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் வந்து கூடும் இடம் இந்த விழிப்புத்தான். எனவே “வேண்டுமென்றா செய்தான்?” என்று கேட்பது போதாது. “சரிபார்த்தானா?” என்று கேட்க வேண்டும்.

சரிபார்ப்பதற்கு எல்லை எது என்பது அடுத்த தடை. பத்துத் தடவை பார்த்தாலும் பதினோராவது சந்தேகம் வரும். விழிப்பு என்ற பெயரில் மனிதன் முடங்கிப் போவான். இதற்கு மெக்கானிக்குகளின் வழக்கமே விடை சொல்கிறது. முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் மார்க்கையும் கேம் மார்க்கையும் சேர்த்து, டென்ஷனர் இல்லாத பக்கத்தில் தொய்வில்லாமல் பெல்ட்டை ஏற்றி, தொய்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் விட்டு இழுவை கொடுக்கிறார்கள். இழுவை கொடுக்கும்போதே கேம் நகரக்கூடும் என்பதால் அதோடு விடுவதில்லை. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி மார்க்கைப் பார்க்கிறார்கள். நடுவில் எங்கே தடுத்தாலும் அழுத்தித் தள்ளாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஏன் இரண்டு? கிராங்கின் இரண்டு சுற்றில் கேம் ஒரு சுற்று முடிகிறது. ஒவ்வொரு பிஸ்டனும் தன் வால்வுகளை ஒரு முறை சந்தித்துத் தாண்டிவிடுகிறது. மூன்றாவது சுற்றில் புதிதாகத் தெரியப்போவது ஏதுமில்லை. சுற்றிய பின் பெல்ட்டில் அச்சிட்ட கோடுகள் விலகி நிற்பதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். அவை பூட்டும் நேரத்துக்கு மட்டும் உரியவை, சக்கரங்களின் மார்க்குகளே சாட்சி. ஆக, எவ்வளவு சரிபார்ப்பது என்ற அளவைச் சரிபார்க்கிறவனின் பயம் தீர்மானிக்க வேண்டியதில்லை. அந்தப் பொருளின் முழுச் சுழற்சியே தீர்மானித்துக் கொடுக்கிறது.

நடுவில் நீதிபதி இல்லாமலேயே பயன் விளைகிறது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு சைவர் மறுப்பார். மாணிக்கவாசகர் அருள்பெற்ற திருப்பெருந்துறை அது. வினை சடம், அறிவற்றது, தானாக வந்து பயன் ஊட்டாது, ஊட்டுபவன் இறைவன் என்பது சைவ சித்தாந்தம். இன்ஜினில்கூட மார்க் போட்டு வைத்தது யாரோ ஒரு பொறியாளரின் அறிவுதானே என்று அவர் கேட்கலாம். அந்தப் பெரிய வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஒரு பெல்ட்டுக்குத் தகுதியில்லை. ஆனால் பயனைத் தருவது சட்டமானாலும் சிவனானாலும், ஸ்பேனர் பிடித்தவனின் கடமை அணுவளவும் மாறாது. ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைக்கிறவர்களும் மார்க் சேர்க்காமல் பெல்ட் பூட்டுவதில்லை. வழிபாடு அவன் கையில் இல்லாததற்கு. மார்க் சேர்ப்பது அவன் கையில் இருப்பதற்கு. ஒன்றை வைத்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது.

மெக்கானிக்கிடம் விட்டால் பொறுப்பையும் அங்கேயே விட்டுவிட்டதாக ஓர் எண்ணம் நமக்கு உண்டு. தானே செய்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. “எனக்குத் தெரியாது” என்பதும் அவனுக்கு முழு விலக்கு ஆகாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்து, அது இரண்டு சுற்றுத் தூரத்தில்தான் இருந்தது என்றால், தெரியாமையும் அவன் செய்ததே. சுற்றிப் பார்த்து மார்க்கை உறுதிசெய்தவனுக்குப் பிறகு எதனாலோ வால்வு வளைந்தால், செலவு உண்டு, வினை இல்லை. சுற்றாமல் சாவியைத் திருப்பியவனுக்கு, வண்டி ராமேசுவரம் வரை நன்றாகவே ஓடினாலும், வினை உண்டு.