பெயரும் உரிமையும்: ஷேக்ஸ்பியர் நாடகங்களின் ஆசிரியர் குறித்த ஐயமும் அதன் அறவியலும்

வில்லியம் ஷேக்ஸ்பியர் (1564-1616) பெயரில் வழங்கும் நாடகங்களை உண்மையில் அவர்தாம் இயற்றினாரா என்னும் வினா ஏறத்தாழ 170 ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. பிரான்சிஸ் பேக்கன், கிறிஸ்டோபர் மார்லோ, ஆக்ஸ்போர்டுப் பிரபுவாகிய எட்வர்ட் டி வேர் எனப் பலர் அவ்விடத்தில் நிறுத்தப்பட்டுள்ளனர். ஆங்கில இலக்கிய அறிஞருள் மிகப் பெரும்பாலோர் இவ்வினா முடிந்துபோன ஒன்று எனக் கருதுகின்றனர். சான்றுகளின் அளவில் அக்கருத்துச் சரியானதே. ஆயினும் சான்றுகளால் தீர்ந்த ஒரு வழக்கு அறவியலால் தீர்ந்துவிடுவதில்லை. இறந்துபோன ஒருவரின் படைப்பை அவருடையதன்று எனக் கூற எத்தகைய சான்று வேண்டும்? அவருடைய பிறப்பும் தந்தையின் தொழிலும் அதற்குச் சான்றாகுமா? படைப்பு நம் கையில் இருக்கையில் படைத்தவர் யாரெனத் தேடுவது தேவைதானா? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

ஐயத்தின் வேர்

ஷேக்ஸ்பியர் 1564ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஸ்ட்ராட்போர்டு நகரத் தேவாலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். தந்தை ஜான் ஷேக்ஸ்பியர் தோல் கையுறை செய்து விற்றவர். 1568இல் அந்நகராட்சியின் தலைமைப் பொறுப்பையும் வகித்தவர். அவ்வூர் இலக்கணப் பள்ளியின் அக்கால மாணவர் பதிவேடுகள் எஞ்சவில்லை. ஷேக்ஸ்பியர் பல்கலைக்கழகம் சென்றவரல்லர். அவர் கைப்பட இட்டனவாக ஏற்கப்படும் கையொப்பங்கள் ஆறு. அவற்றில் பெயரின் எழுத்துக்கூட்டு ஒருபடித்தாக இல்லை. அவருடைய விருப்ப ஆவணத்தில் கட்டில் ஒன்று குறிக்கப்படுகிறது. நூல்களோ கையெழுத்துப் படிகளோ குறிக்கப்படவில்லை. இளைய மகள் ஜூடித் ஆவணமொன்றில் பெயரெழுதாமல் குறியிட்டுள்ளார். எஞ்சியுள்ள ஆவணங்களுட் பெரும்பாலானவை நிலம், வரி, கடன், வழக்கு ஆகியன பற்றியவை.

ஐயுறுவோர் தம் வாதத்தைத் தொடங்குவது இவ்விடத்தில்தான். அரசவை நடைமுறை, சட்டம், இத்தாலிய நகரங்கள், செவ்வியல் நூல்கள் ஆகியவற்றை அறிந்த ஒருவர் எழுதிய நாடகங்களுக்கும், கடனைத் திருப்பிப் பெற வழக்காடிய ஊர்க்காரர் ஒருவருக்கும் இடையே பாலம் இல்லை என்பது அவர்தம் கூற்று. மேலோட்டமாக நோக்கின் இதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஆவணங்களைக் காத்து வைப்பவை நீதிமன்றங்களும் வரி அலுவலகங்களுமே. ஒருவர் எந்த நூலை இரவில் படித்தார் என்பதை அவை பதிந்து வைப்பதில்லை. விருப்ப ஆவணத்தோடு தனியே தயாரிக்கப்பட்ட உடைமைப் பட்டியல் காலத்தில் மறைந்துவிட்டது. எனவே நூல்கள் குறிக்கப்படாமையைக் கொண்டு நூல்களே இல்லை எனத் துணிவது, கிடைக்காத ஒன்றை இல்லாத ஒன்றாகக் கொள்ளும் பிழையாகும். ஏடு கிடைக்காத நூல்களைப் பற்றி எழுதிப் பழகிய தமிழாய்வாளர்க்கு இப்பிழையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சான்றின் குறையினும் ஆழமானது இவ்வாதத்தின் முன்முடிவு. 1920இல் தம் நூலை வெளியிட்ட ஜே. தாமஸ் லூனி என்னும் ஆங்கிலப் பள்ளி ஆசிரியர், நாடகங்களிலிருந்து அவற்றின் ஆசிரியருக்குரிய பண்புகளை முதலில் வகுத்துக்கொண்டு, பின் அப்பண்புகளுக்கு ஏற்ற ஆளைத் தேடினார். உயர்குடிப் பிறப்பாளர், பழைய நிலவுடைமை ஒழுங்கில் பற்றுடையவர் என்பன அவற்றுள் சில. டி வேர் அகப்பட்டார். அவர் 1604இலேயே இறந்துவிட்டார் என்பதும், 1609இல் பெர்முடாத் தீவருகே நிகழ்ந்த கப்பற்சேதம் பற்றிய செய்திகளின் சுவடு 1611இல் அரசவையில் நடிக்கப்பெற்ற 'டெம்பஸ்ட்' நாடகத்தில் காணப்படுவதும் அத்தேடலைத் தடுக்கவில்லை. கையுறை செய்பவன் மகனுக்கு அரசனின் மனம் தெரியாது என்னும் நம்பிக்கை எல்லாத் தேதிகளையும் விட வலிமையாக இருந்தது.

இந்நம்பிக்கை அக்கால இங்கிலாந்துக்கே பொருந்தாது. மார்லோ செருப்புத் தைப்பவரின் மகன். பென் ஜான்சன் செங்கல் கட்டுநர் ஒருவரின் வளர்ப்பு மகன். பல்கலைக்கழகக் கல்வி இன்றியே தம் காலத்தின் பெரும்புலமையாளர் எனப் பெயர் பெற்றவர். இவர்தம் நூல்களை எவரும் பறித்து ஒரு பிரபுவிடம் கொடுக்கவில்லை. கூலவாணிகன் சாத்தனாரையும் அறுவை வாணிகன் இளவேட்டனாரையும் வெண்ணிக் குயத்தியாரையும் தொழிற்பெயரோடே புலவர் வரிசையில் வைத்த மரபில் நின்று நோக்குவோர்க்கு இவ்வாதம் வியப்பூட்டலாம். எனினும் அம்மரபிலேயே, திருவள்ளுவருக்குப் பகவன் என்னும் அந்தணரைத் தந்தையாக்கிய கதை பிற்காலத்தில் எழுந்ததையும் மறத்தற்கில்லை. புலமைக்குப் பிறப்பில் காரணம் தேடும் விருப்பம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

டெலியா பேக்கன்

இவ்விவாத வரலாற்றில் இரக்கத்தோடு நோக்கத்தக்கவர் அமெரிக்கப் பெண்மணி டெலியா பேக்கன் (1811-1859). பிரான்சிஸ் பேக்கனுக்கும் இவருக்கும் உறவில்லை. 1857இல் வெளிவந்த இவருடைய பெருநூலுக்கு நதானியேல் ஹாதோர்ன் முன்னுரை எழுதினார். ஆனால் அக்கொள்கையை அவர் ஏற்கவில்லை. ராலே, பேக்கன் முதலிய அரசியல் அறிஞர் குழு ஒன்று, வெளிப்படையாகக் கூறவியலாத முடியாட்சி எதிர்ப்புச் சிந்தனையை நாடகங்களில் ஒளித்து வைத்தது என்பது டெலியாவின் கருத்து. ஸ்ட்ராட்போர்டு கல்லறையில் ஆவணங்கள் இருக்கும் என நம்பி ஓரிரவு விளக்கோடு அத்தேவாலயத்தில் தங்கிய அவர், கல்லை அசைக்காமலே திரும்பினார். பின்னர் 1859இல் மனநல விடுதியில் உயிர் நீத்தார்.

அவரை நகைப்புக்குரியவராக்கிக் கடந்து செல்வது எளிது. பல நூல்கள் அதைத்தான் செய்துள்ளன. ஆயின் அவர் கூற்றில் இரண்டு கூறுகள் உள்ளன. நாடகங்கள் ஆட்சி பற்றிய கூர்மையான சிந்தனையுடையன என்பது ஒன்று. அவை ஒரு கையால் மட்டும் ஆனவையல்ல என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிற்கால ஆய்வு வேறு வழிகளில் வந்தடைந்தது. தவறு, அக்கூறுகளிலிருந்து ஸ்ட்ராட்போர்டுக்காரரை முற்றாக நீக்கியதிலேயே உள்ளது. அவருக்குப்பின் வந்த இக்னேஷியஸ் டானலி (1888) முதலியோர் நாடகங்களில் மறைகுறிகளைத் தேடினர். மறையெழுத்து வல்லுநர்களான வில்லியம், எலிசபெத் பிரீட்மன் இணையர் 1957இல் அம்முறைகளை ஆராய்ந்து, விரும்பிய எச்செய்தியையும் அவற்றால் பெற இயலும் எனக் காட்டினர். அத்துடன் அப்பகுதி முடிந்தது எனலாம்.

ஐயத்தின் விலை

ஐயுறுதல் ஆய்வாளரின் உரிமை. அதனால் யாருக்கும் இழப்பில்லை என்று கூறப்படுவதுண்டு. 2007இல் வெளியிடப்பட்ட 'நியாயமான ஐயம்' குறித்த அறிக்கையும் வேறோர் ஆசிரியரை முன்மொழியாமல் ஐயத்தை மட்டுமே கோரியது. இது பணிவான நிலைப்பாடாகத் தோன்றினும் உண்மையில் அவ்வளவு பணிவானதன்று. 1623இல் 36 நாடகங்களைத் தொகுத்து வெளியிட்டவர்கள் ஷேக்ஸ்பியரின் உடன் நடிகர்களான ஹெமிங்ஸ், காண்டெல் இருவர். தம் நினைவாக மோதிரம் வாங்கிக்கொள்ள அவ்விருவருக்கும் பர்பேஜுக்கும் தலா 26 ஷில்லிங் 8 பென்ஸ் ஷேக்ஸ்பியரின் விருப்ப ஆவணம் வழங்குகிறது. அத்தொகுப்பில் அவரைப் பாடியவர் பென் ஜான்சன். புகழ்ச்சியில் சிக்கனம் மிகுந்த போட்டியாளர். நாடகங்கள் வேறொருவருடையன எனில் இம்மூவரும் அறிந்தே பொய் கூறியவராவர்; அன்றேல் தம்மோடு பல்லாண்டு பணியாற்றியவர் யாரென அறியாத பேதையராவர். ஒருவரின் படைப்புரிமையை ஐயுறுவது, சான்று கூறிய பிறரின் வாய்மையையும் ஐயுறுவதாகிறது. இறந்தோர் மறுமொழி கூற இயலாதவர் என்பதால் அவர்களைக் குற்றஞ்சாட்டுவோரின் பொறுப்புக் கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

பெருஞ்சான்றுகளினும் சிறு பிழைகள் சில நேரங்களில் உரக்கப் பேசுகின்றன. 1600இல் அச்சான 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தின் ஒரு காட்சியில், டாக்பெரி, வெர்ஜஸ் என்னும் பாத்திரப் பெயர்கள் வரவேண்டிய இடங்களில் கெம்ப், கவுலி என நடிகர் பெயர்களே அச்சாகியுள்ளன. எழுதும்போதே எந்த உரையை எந்த நடிகர் பேசுவார் என மனத்திற் கண்டவரின் எழுத்து அது. குழுவோடு அன்றாடம் பழகிய ஒருவருக்கு இது இயல்பு. மாளிகையில் மறைந்திருந்து எழுதிய பிரபுவுக்கு இயல்பாகாது.

வேறொரு வாயில்

பழியை ஐயுறுவோர் மீது மட்டும் சுமத்துவது நேர்மையன்று. 1778இல் நாடகங்களின் கால வரிசையை முதன்முதல் முறையாக ஆராய்ந்த எட்மண்ட் மலோன், படைப்புகளிலிருந்து படைப்பாளியின் வாழ்வை உய்த்துணரும் வழக்கத்துக்கும் இடமளித்தார். நாடகத்தில் துயரம் மிகுந்தால் ஆசிரியர் வாழ்வில் துயரம் தேடப்பட்டது. படைப்பு வாழ்வின் கண்ணாடி என்னும் கொள்கையை ஏற்றபின், கண்ணாடியில் தெரியும் முகம் ஸ்ட்ராட்போர்டில் இல்லை என ஒருவர் கூறினால் அவரைக் குறைகூற என்ன உரிமை? ஜேம்ஸ் ஷாபிரோ தம் 2010ஆம் ஆண்டு நூலில் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளார். கற்பனை என்னும் ஆற்றலைக் கணக்கிற் கொள்ளாத வாழ்க்கை வரலாற்றாசிரியரும் அதனை மறுத்த லூனியும் ஒரே வாயிலில் நுழைந்தவர்களே.

ஆசிரியர் யாராயின் என்ன, நாடகம் நாடகமே என்னும் கருத்தும் உண்டு. ரோலான் பார்த் ஆசிரியரின் இறப்பை அறிவித்தார். 1969இல் மிஷெல் பூக்கோ ஆசிரியர் என்னும் பெயரின் செயற்பாட்டை ஆராய்ந்தபோது ஷேக்ஸ்பியர் - பேக்கன் வழக்கையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் தம் தனிப்பாசுரத் தொகையைப் பரிதிமாற் கலைஞன் என்னும் புனைபெயரில் வெளியிட்டதும், பெயரைக் கொண்டு பாட்டை மதிப்பிடும் வழக்கத்தை விலக்கிய செயலாகக் கொள்ளத்தக்கது. ஆனால் அங்கே பெயரை மறைத்தவர் பெயருக்கு உரியவரே. தம் பெயரை ஒருவர் தாமே விலக்கிக்கொள்வதும், பிறர் அதனைப் பறிப்பதும் ஒன்றாகா. ஒரு நாடகத்தின் பொருளை அறிய ஆசிரியர் பெயர் தேவையில்லாமற் போகலாம். அதனைச் செய்த உழைப்புக்கு உரியவர் யார் என்னும் வினாவோ பொருள் பற்றியதன்று, நீதி பற்றியது. இவ்விரண்டையும் குழப்பியதாலேயே இவ்விவாதம் இவ்வளவு நீண்டது.

மறைந்த கைகள்

நீதி பற்றியது எனக் கொண்டால் அது ஷேக்ஸ்பியரோடு நிற்காது. பேக்கனின் நூல்களைப் பதிப்பித்த ஜேம்ஸ் ஸ்பெடிங், பேக்கன் கொள்கையை ஏற்க மறுத்தவர். அவரே 1850இல் 'எட்டாம் ஹென்றி' நாடகத்தில் ஜான் பிளெச்சரின் பங்கைச் சுட்டினார். 'டைட்டஸ் அன்ட்ரானிக்கஸ்' நாடகத்தில் ஜார்ஜ் பீல், 'டைமன்' நாடகத்தில் தாமஸ் மிடில்டன், 'பெரிக்கிளிஸ்' நாடகத்தில் ஜார்ஜ் வில்கின்ஸ் ஆகியோரின் கைகள் பின்னர் அடையாளம் காணப்பட்டன. 2016ஆம் ஆண்டின் புதிய ஆக்ஸ்போர்டுப் பதிப்பு, 'ஆறாம் ஹென்றி' நாடகங்களில் மார்லோவை இணையாசிரியராக அச்சிட்டது. அது இன்னும் அனைவராலும் ஏற்கப்படவில்லை. 1605இல் 'லண்டன் பிராடிகல்' என்னும் பிறர் நாடகம் ஷேக்ஸ்பியர் பெயரில் விற்கப்பட்டதும் நடந்தது. ஒரு பெரும்பெயர் தனக்குரியதை இழக்குமோ என உலகம் கவலையுற்ற காலமெல்லாம், அப்பெயரின் நிழலில் வில்கின்ஸ் போன்றோர் தமக்குரியதை இழந்துகிடந்தனர். அவர்களுக்காக எந்தப் பிரபுவின் வழித்தோன்றலும் வாதாடவில்லை.

'சர் தாமஸ் மோர்' என்னும் நாடகத்தின் கையெழுத்துப் படி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. மண்டே, செட்டில், டெக்கர், ஹேவுட் எனப் பலர் எழுதித் திருத்திய அப்படியில், 'டி' எனக் குறிக்கப்படும் கை மூன்று பக்கங்களை எழுதியுள்ளது. புகலிடம் தேடி வந்த அயலாரை விரட்டத் திரண்ட கூட்டத்தை நோக்கி, நீங்களே அந்நிலையிலிருந்தால் எங்கே செல்வீர்கள் என மோர் வினவும் பகுதி அது. எழுத்தமைப்பு, நடை, எழுத்துக்கூட்டு ஆகியவற்றை அந்த ஆறு கையொப்பங்களோடும் அச்சான நாடகங்களோடும் ஒப்பிட்டு, ஆய்வாளருட் பலர் அதனை ஷேக்ஸ்பியரின் கை என்கின்றனர். அப்பக்கங்களில் எவர் பெயரும் எழுதப்படவில்லை.