அது எந்த மரம்?



காலையில் மக்தபுக்குப் புறப்படும் நேரம் வந்தால் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளை நம்மில் பலர் வீட்டில் உண்டு. அவனுக்கு ஓதுவதில் நாட்டமில்லை என்று உடனே தீர்ப்பளித்து விடுகிறோம். ஓதிக் கொடுக்கும் விதத்தில் குறை இருக்குமோ என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் எப்படிக் கற்பித்தார்கள்? இலை உதிராத மரம் ஒன்று உண்டு, அது முஸ்லிமுக்கு உவமை, அது எந்த மரம் என்று ஒருநாள் தோழர்களிடம் கேட்டார்கள். எல்லோருடைய எண்ணமும் பாலைவனத்து மரங்களைச் சுற்றி வந்தது. இத்தனைக்கும் அப்போது அண்ணலார் உண்டு கொண்டிருந்தது பேரீச்ச மரத்தின் குருத்து என்று புகாரியின் மற்றோர் அறிவிப்பில் வருகிறது! விடையின் சாடை கண்ணெதிரே இருந்தது. விடையை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். மனங்கள் விழித்திருக்க மாட்டா.

அந்தச் சபையில் இளையவரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அது பேரீச்ச மரம் என்று பட்டது. அபூபக்ரும் உமரும் (ரலி) மௌனமாயிருக்க, தாம் பேசுவதா என்று வெட்கி இருந்துவிட்டார்கள். பின்னர் தந்தையிடம் சொன்னபோது, அதை அங்கேயே சொல்லியிருந்தால் தமக்கு எவ்வளவோ பிரியமாயிருந்திருக்கும் என்றார்கள் உமர் (ரலி). மகனின் அடக்கம் நல்ல அடக்கம்தான். ஆனாலும் அந்தத் தந்தை ஆசைப்பட்டது மகன் வாய் திறப்பதற்கு! பெரியவர்கள் இருக்குமிடத்தில் உனக்கென்ன பேச்சு என்று அதட்டும் நாம் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மனிதனின் ஆயுளையும் அதைத் தாண்டி நீளும் ஆசையையும் விளக்க, சதுரமும் கோடுகளும் வரைந்து காட்டினார்கள் நபியவர்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழன்தோறும் உபதேசிப்பார்கள். தினமும் வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது, சடைவு தட்டிவிடும் என்று மறுத்துவிட்டார்கள். நபியவர்களும் எங்களிடம் அப்படித்தான் நடந்தார்கள் என்றார்கள்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். பிள்ளையின் முன் ஒளுச் செய்யும்போது குதிகாலை வேண்டுமென்றே நனையாமல் விட்டுவிட்டு, அத்தா எதை விட்டேன் என்று கேளுங்கள். (பிறகு மறவாமல் கழுவிக் கொள்ளுங்கள்!) அவன் தவறாகச் சொன்னால் சீறாதீர்கள். விடை தெரியாமல் விழித்த தோழர்களை நபியவர்கள் கடியவில்லை. அவர்கள் கேட்டதும் அது பேரீச்ச மரம் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.