சொல்லாத நோவு

ஏழு வயதான ஒரு கினிப் பன்றிக்கு முழங்காலில் நோவு. அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டுமா, வேண்டாமா? நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இப்படி ஒரு கேள்வியைப் போட்டால் முதலில் சிரிப்புத்தான் எழும். சிரிப்பு அடங்கியதும் ஒருவர், "மனுஷனுக்கே மருந்துக்கு வழியில்லை, இது வேறயா?" என்பார். இன்னொருவர், "விதி முடிந்தால் போய்விட்டுப் போகிறது" என்பார். இரண்டும் பதில் மாதிரிதான் காதில் விழுகின்றன. ஆனால் கேள்வி நகரவில்லை. அந்தப் பிராணியும் கூண்டின் மூலையில் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, நகராமல் உட்கார்ந்திருக்கிறது.

அதன் பெயரே ஒரு பொய். கினி தேசத்துக்கும் அதற்கும் உறவில்லை, பன்றிக்கும் உறவில்லை. எலி, அணில் இனத்தைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி அது. சீமைப் பெருச்சாளி என்று தமிழில் சொல்வதுண்டு. அதுவும் அவ்வளவு மரியாதையான பெயரல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை இறைச்சிக்காக வீட்டில் வளர்த்தார்கள். பெரு நாட்டில் இன்றும் அது விருந்துச் சாப்பாடு. 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய், அங்கே குழந்தைகளின் விளையாட்டுத் துணையாயிற்று. இப்போது சென்னையில் அடுக்குமாடி வீடுகளின் பால்கனிகளிலும் அதைப் பார்க்கலாம். ஐந்திலிருந்து எட்டு ஆண்டுவரை ஆயுள். ஆகவே ஏழு வயது என்பது தொண்டு கிழம்.

எனக்குத் தெரிந்த வங்கி உத்தியோகஸ்தர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு கிழம் இருந்தது. பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அழுது அடம்பிடித்து வாங்கியது. பெண் கோயம்புத்தூரில் காலேஜ் விடுதிக்குப் போய்விட்டாள், பிராணி தங்கிவிட்டது. இந்த மாதிரி வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். ஜோடியாக இருந்த இன்னொன்று முன்பே செத்துவிட்டது. கூட்டமாக வாழப் பிறந்த ஜாதி அது. ஒற்றையாக வைத்து வளர்ப்பது அதற்குத் தண்டனை என்று கருதி, சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டு விதிகளிலேயே தடுத்திருக்கிறார்கள். நம் நண்பர் இதையெல்லாம் அறியார். வேளைக்குப் புல்லும் தண்ணீரும் வைத்தார். குறை ஒன்றும் தெரியவில்லை.

குறையைக் கண்டுபிடித்தது அவருடைய தாயார். எண்பதைத் தாண்டிய அம்மாள். கூண்டுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பகலெல்லாம் வேடிக்கை பார்ப்பது அவர் பழக்கம். ஒருநாள் மகனைக் கூப்பிட்டு, "டேய், அதுக்கு முட்டி வலிக்குதுடா. நான் எந்திரிக்கிற மாதிரியே எந்திரிக்குது பாரு. முதல்ல முன்னங்காலை ஊணிக்கிட்டு, அப்புறம் கொஞ்சம் யோசிச்சிட்டு..." என்றார்.

மகன் போய் எட்டிப் பார்த்தார். அது விறைப்பாக நிமிர்ந்து, கண்ணை அகல விழித்துக்கொண்டு நின்றது. "நல்லாத்தானே இருக்கு?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

இதில்தான் இந்தப் பிராணியின் விசேஷமே இருக்கிறது. பருந்துக்கும் நரிக்கும் இரையாகப் பிறந்த ஜாதி. கூட்டத்தில் நொண்டுகிறது எதுவோ, சோர்கிறது எதுவோ, அதைத்தான் பருந்து முதலில் குறி வைக்கும். அதனால் நோவை மறைப்பது அதன் ரத்தத்தில் ஊறிய பழக்கம். காலடிச் சத்தம் கேட்டதும் வலியை விழுங்கிக்கொண்டு ஆரோக்கியமாக நடிக்கும். நாய் முனகும், பூனை ஒளிந்துகொள்ளும், மாடு கத்தும். இது எதுவும் செய்யாது. அதன் நோவைப் பார்க்க வேண்டுமானால் கதவுக்குப் பின்னால் நின்று திருடனைப்போல் பார்க்க வேண்டும். பல்லை நறநறவென்று அரைக்கிறதா, முன்னங்காலால் முகம் கழுவிக்கொள்கிறதா, ஒரு பிடி புல்லைத் தின்ன எவ்வளவு நேரமாகிறது, கொத்துமல்லிக் கட்டின் காகிதம் சரசரக்கும்போது கீச்சென்று குரல் கொடுத்து ஓடி வருகிறதா, தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறதா? எல்லாவற்றையும்விட நிச்சயமான சாட்சி தராசு. நல்ல நாளில் ஆயிரம் கிராமுக்கு மேல் இருந்தது, சமையலறைத் தராசில் வைத்தபோது 870 காட்டியது. நண்பருக்குச் சுருக்கென்றது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனார். எக்ஸ்ரேயில் இரண்டு பின்னங்கால் முட்டியும் தேய்ந்திருப்பது தெரிந்தது.

மருத்துவர் கேட்ட கேள்விகள் கால் மணி நேரம் நீண்டனவாம். எப்போது எழுந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, காலையில் அதிகமா மாலையில் அதிகமா? வீட்டுக்குத் திரும்பும் வழியில் நண்பருக்கு ஒன்று உறைத்ததாம்: இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அந்த அம்மாள், "எனக்கென்ன, ஒண்ணுமில்லே" என்றுதான் சொல்லியிருப்பார். நம் வீட்டுக் கிழவிகளும் ஒருவகையில் பருந்துக்குப் பயந்தவர்கள்தாம். பாரமாகிவிட்டோம் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம்.

"எலிக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்கிறவர்களுக்குச் சிலர் நன்றிக்கடனைக் காட்டிப் பதில் சொல்கிறார்கள். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து நிரூபித்தபோது, அந்த நோயை ஏற்றுக்கொண்ட பிராணிகளில் கினிப் பன்றியும் ஒன்று. மனிதனைப் போலவே அதன் உடம்பும் வைட்டமின் சியைத் தானாகத் தயாரித்துக்கொள்ளாது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் அதற்கு ஸ்கர்வி நோயை வரவழைத்துக் காட்டிய பிறகுதான், கப்பல்காரர்களைக் கொன்ற அந்த நோய்க்கு உணவுக் குறைதான் மூலம் என்பதை ஆராயச் சரியான வழி பிறந்தது. எல்லாம் உண்மை. ஆனால் இந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. கோக்கின் சோதனைச்சாலையில் செத்தது வேறு பிராணி; இந்தப் பால்கனியில் நோகிறது வேறு பிராணி. பாட்டன் செய்த உபகாரத்துக்காகப் பேரனுக்கு மருந்து கொடுப்பது என்றால், உபகாரம் செய்யாத பெருச்சாளியை என்ன செய்வது?

எனக்குத் தோன்றும் நியாயம் இதைவிடச் சின்னது. கூண்டில் போட்டவர்கள் நாம். காட்டில் இருந்தால் நொண்டத் தொடங்கிய அன்றே பருந்து கணக்கைத் தீர்த்திருக்கும். பருந்தை விரட்டி, குளிரையும் பசியையும் விலக்கி, ஏழு வருஷம் உயிரோடு வைத்து, முட்டி தேயும்வரை கிழமாக்கியது நம் கைதான். இந்த நோவு நாம் கொடுத்த ஆயுளின் ஒரு பகுதி. ஆயுளைக் கொடுத்துவிட்டு அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை என்று சொல்வது எந்தக் கணக்கு?

பொறுப்பு என்பது பிரியத்தோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரையைக் கிள்ளிக் கொடுப்பதும் பிரியம்தான். ஆனால் நம்மைப் பிழைக்க வைக்கும் பென்சிலின் இந்தப் பிராணியின் வாயில் போனால் குடலில் வேலை செய்யும் நல்ல கிருமிகளை அழித்து, அதைக் கொன்றுவிடக்கூடும். 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலினைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; கினிப் பன்றிக்குக் கொடுத்திருந்தால் விஷமென்று மூட்டை கட்டியிருப்பார்களோ என்று பின்னால் பலர் வியந்ததுண்டு. இன்னும் பெரிய உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. கிழ மாடுகளின் நோவைத் தணிக்க டைக்ளோபினாக் கொடுத்தோம். நல்ல எண்ணம்தான். அந்த மாடுகள் செத்த பிறகு அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்கில் மடிந்தன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004இல் ஆராய்ச்சியில் தெரிந்தது. 2006இல் கால்நடைக்கு அதைத் தயாரிப்பது தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாகக் கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகம் வந்தது. நண்பர் வீட்டுப் பிராணிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்ததும் அதுவே. தித்திப்பான திரவம், எடைக்குத் தக்கபடி சில துளி. கூடவே தினம் ஒரு துண்டு குடைமிளகாய், வைட்டமின் சிக்காக. கம்பிக்கு மேல் வழுக்காத துணி. வெயில் காலத்தில் ஈரக் கோணித்திரை. மலைநாட்டுப் பிராணிக்குச் சென்னை வெயிலே ஒரு வியாதி.

1952இல் ராஜ்ய சபையில் உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளுக்காக ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த முயற்சி 1960இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டமாகக் கனிந்தது. அதன் மூன்றாவது பிரிவு, பிராணியைத் தன் வசம் வைத்திருப்பவன் அதற்கு அநாவசியமான நோவு நேராமல் காக்க வேண்டும் என்கிறது. அநாவசியமான நோவு! அப்படியானால் அவசியமான நோவு எது?

மனிதர்களாகிய நமக்கு அவசியமான நோவு உண்டு. புற்றுநோயில் கிடக்கும் கிழவர், "தை மாசம் பேத்தி கல்யாணத்தைப் பார்த்துவிடுகிறேன்" என்று ஊசிகளைப் பொறுத்துக்கொள்கிறார். அந்த நோவுக்கு ஓர் எல்லை, ஓர் அர்த்தம், முகூர்த்தத் தேதி எல்லாம் இருக்கின்றன. பிராணிக்குத் தை மாதம் கிடையாது. இன்றைய வலியை நாளைய சுகத்துக்காகப் பொறுக்கிறோம் என்று அதனிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. வாயில் குழலை வைத்துக் கூழ் புகட்டும் கையும் அதற்குப் பருந்தின் நகம்தான். ஆகவே அதன் நோவு நம் நோவைவிடச் சின்னது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நமக்கு வலியைச் சுற்றி எண்ணங்கள் இருக்கின்றன, ஒதுங்கிக்கொள்ள இடமிருக்கிறது. அதற்கு வலி மட்டுமே இருக்கிறது, அது நிரப்பும் அளவுக்கு.

இதன் மறுபக்கமும் உண்மை. நாளை என்பது இல்லாத ஜீவனுக்கு இன்றைய கொத்துமல்லியும் முழுசுதான். காலையில் பத்து நிமிஷம் தரையில் விழும் இளவெயில் முழுசுதான். நொண்டுகிறதே என்று அவசரப்பட்டு ஊசி போட்டு முடித்துவிடுகிறவர், அநேகமாகத் தம் கண்ணின் உறுத்தலுக்குத்தான் சிகிச்சை தேடுகிறார்.

1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி. பிழைக்காது என்று மருத்துவர் கைவிட்டது. புரட்டிப் போடக்கூட முடியாத வேதனை. காந்தியடிகள் அதற்கு விஷ ஊசி போடச் செய்தார். நாடெங்கும் கொந்தளிப்பு, அஹிம்சை பேசுகிறவரா இப்படி என்று கோபக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை, செய்ததை நியாயப்படுத்தி எழுதினார். இந்தச் சம்பவத்தைக் கருணைக்கு ஆதரவாகக் காட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கன்றுக்கு உதவ வேறு வழி எதுவுமே இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊசி வந்தது. இன்று வழி இருக்கிறது: தித்திப்பான சில துளி. வழி இருப்பதால் முடிவைத் தள்ளிப்போட முடிகிறது. தள்ளிப்போட முடிவதால் எதுவரை என்ற கேள்வி ஒவ்வொரு காலையும் எழுந்து நிற்கிறது. காந்தியடிகளின் கன்றுக்கு இருந்ததைவிட இந்தக் கிழத்துக்கு நாம் அதிகம் செய்ய முடிகிறது. அந்த அளவுக்கு நம் சங்கடமும் கூடியிருக்கிறது.

நண்பர் வீட்டில் அதற்கு ஒரு வழி செய்தார்கள். யோசனை அவர் மனைவியுடையது. மருந்து பிடித்து, பிராணி சுகமாக இருந்த ஒரு வாரத்தில், காலண்டருக்குப் பின்பக்கம் மூன்று வரி எழுதி வைத்தார்: கொத்துமல்லிச் சத்தத்துக்கு வருகிறதா; முகம் கழுவிக்கொள்கிறதா; தானாக நிழலுக்கு நகர்கிறதா. மூன்றில் இரண்டு நின்றுபோனால் மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும். அன்று யாரும் வாதாடக் கூடாது. மனம் கலங்கியிருக்கும்போது செய்யும் தீர்மானத்தை நம்பாமல், தெளிந்திருக்கும்போதே செய்து வைத்த தீர்மானம். எனக்கு இது மிகவும் சரி என்று பட்டது. தர்ம சாஸ்திரம் படித்தவர்கள் பலருக்குத் தோன்றாத யோசனை.

ஆறு மாதம் ஓடியது. எடை 800க்குக் கீழே இறங்கி, சிறிது ஏறி, மறுபடி இறங்கியது. மே மாதத்தில் முகம் கழுவுவது நின்றது. இரண்டு நாள் கழித்துக் காகிதம் சரசரத்தபோது தலையைக்கூடத் தூக்கவில்லை. மருத்துவர் முதலில் மயக்க மருந்தும், அது தூங்கிய பின் அடுத்த ஊசியும் போட்டார். மடியில் வைத்துக்கொண்டிருந்தது அந்த அம்மாள்தான். அவருக்கும் அதற்குள் முட்டிக்கு வைத்தியம் தொடங்கியாகிவிட்டது. காலையில் நாற்காலிக் கையைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடிகிறது என்று தாமாகவே சொன்னாராம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். "ஒரு வாரம் முந்தியே செய்திருக்கலாம் ஸார். கடைசி வாரம் ரொம்பச் சிரமப்பட்டிருக்கும்" என்றார் நண்பர். உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்த அவர் மனைவி, "ஒரு வாரம் பொறுத்திருந்தா தேறியிருக்குமோ என்னவோ. செவ்வாய்க்கிழமை ஒரு துண்டு குடைமிளகாய் தின்னுச்சே" என்றார். பெரியம்மாள் பால்கனிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.