சேர்ந்து மிதிக்க என்ன விலை?

பதக்கத்துக்காகவோ பிழைப்புக்காகவோ அல்லாமல், ஆசைக்காக மட்டும் சைக்கிள் மிதிக்கும் ஒருவர் அதற்கு எவ்வளவு பணம் போடலாம்? இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்தைவிடக் கண்டியில் கூர்மையாக எழுகிறது. யாழ்ப்பாணத்துச் சமவெளியில் சைக்கிள் எல்லோருடைய வாகனம். பள்ளிக்கூடப் பிள்ளையும் தோட்டக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அதில்தான் போய் வருவார்கள். கண்டியிலோ வீட்டுப் படலையைத் தாண்டினாலே ஏற்றம். அன்றாட வேலைக்குச் சைக்கிள் அவ்வளவாகப் பழகாத இந்த ஊரில் மெல்லிய டயரும் வளைந்த ஹாண்டிலும் கொண்ட பந்தயச் சைக்கிள், பார்த்த மாத்திரத்திலேயே ஆசைப்பொருள் என்று தெரிந்துவிடுகிறது. அது போகும் வழியோ தேயிலைத் தோட்டங்களின் ஊடாகப் போகிறது.

கலஹா, தெல்தோட்டைப் பக்கம் ஏறினால் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் வருகிறது. அந்த மலைகளில் கொழுந்து பறிப்பவரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. உலகப் பந்தயங்களில் ஓடும் தரத்திலான சைக்கிள் ஒன்றின் விலை இன்று 10,000 அமெரிக்க டொலரைத் தாண்டுகிறது. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால், வரி சேர்க்காமலே 30 இலட்சம். மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும், 2024 இன் அந்த அடிப்படைச் சம்பளத்தில் ஏழு வருடத்துக்கு மேற்பட்ட உழைப்பு அது.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மனம் கூசாமல் இருப்பது கடினம். கூசத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூச்சம் மட்டுமே தீர்ப்பாகிவிடாது. அதே வீதியில் போகும் ஜீப் வண்டிக்கும், மூன்று நாள் கல்யாணத்துக்கும், பெட்டகத்தில் தூங்கும் நகைக்கும் இதே கணக்கைப் போட்டால் அவை இன்னும் மோசமாகத் தோற்கும். சைக்கிள் புகை விடுவதில்லை, ஓட்டுபவரின் இருதயத்துக்கும் நல்லது. ஆகவே விலை பெரிது என்பதாலேயே அதைப் பாவம் என்று சொல்லிவிட முடியாது. காலமும் கணக்கில் சேரும். 2022 ஏப்ரல் 12 இல் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. மருந்துக்கே டொலர் இல்லாமல் ஆஸ்பத்திரிகள் தவித்த அந்த மாதங்களில் இறக்குமதிச் சக்கரத்துக்கு ஆசைப்படுவதும் இன்று ஆசைப்படுவதும் ஒன்றல்ல.

பணம் எதை வாங்கித் தருகிறது என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஒருவர், சைக்கிளும் தண்ணீரும் உடையும் சேர்த்து 77 கிலோவுடன் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறுகிறார் என்று கொள்வோம். இலட்சக்கணக்கில் செலவழித்துச் சைக்கிளில் ஒரு கிலோவைக் குறைத்தால், 20 நிமிட ஏற்றத்தில் அவருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 15 செக்கன். முன்னால் 34 பல், பின்னாலும் 34 பல் என்று ஒரு தாழ்ந்த கியரைப் போட்டுக்கொண்டால், அதைவிட எத்தனையோ மடங்கு குறைந்த செலவில், ஹந்தானைச் சரிவில் இறங்கித் தள்ளாமலே மேலே போய்ச் சேரலாம்.

இயந்திரத்தால் ஒன்றுமே ஆகாது என்பதும் பொய். பிரித்தானியாவின் கிறிஸ் போர்ட்மன் 1996 இல் ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீற்றர் ஓடினார். 1972 இல் எடி மேர்க்ஸ் ஓட்டியதைப் போன்ற சாதாரணச் சைக்கிளில்தான் ஓடவேண்டும் என்று சர்வதேச சைக்கிள் சம்மேளனம் விதித்த பிறகு, 2000 இல் அதே போர்ட்மன் ஓடியது 49.441 கிலோமீற்றர். மேர்க்ஸைவிடப் பத்தே மீற்றர் கூட. இடையில் போன ஏழு கிலோமீற்றரில் பெரும்பங்கு, காற்றைக் கிழிக்கும் சைக்கிளுக்கும் அதில் கையை நீட்டிப் படுத்துக்கிடந்த நிலைக்கும் உரியது. வேகத்தைக் காசு கொடுத்து வாங்க முடியும். ஆனால் மணிக்கு 50 கிலோமீற்றரில் காற்றோடு மல்லுக்கட்டுபவருக்குக் கிடைக்கும் அந்த இலாபம், 12 கிலோமீற்றர் வேகத்தில் மலையேறும் பொழுதுபோக்குக்காரருக்கு மிகச் சொற்பமே.

கட்டாயம் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே கஞ்சத்தனம் காட்டுவதுதான் குற்றம். ஹுன்னஸ்கிரியவிலிருந்து மகியங்கனைப் பக்கம் 18 வளைவில் இறங்குபவரின் பிரேக் கட்டை அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. வளைவின் மறுபக்கத்தில் நடந்து வருபவரின் உயிரும் அதில்தான் இருக்கிறது. கட்டையின் முகத்தில் வெட்டியிருக்கும் காடிகள் தேய்ந்து மறைந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. மழை நாளில் ரிம்மிலிருந்து உரியும் அலுமினியத் துகளும் மணலும் ரப்பரில் பதிந்து, அடுத்த இறக்கத்தில் ரிம்மையே அரத்தைப் போல் அராவும். அவற்றை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுக்க வேண்டும். புதிய கட்டை, வெடிப்பில்லாத டயர், பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கு ஹெல்மெட் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, முழுச் சைக்கிளின் விலையோடு பார்த்தால் அற்பம். தரச் சான்று பெற்ற ஹெல்மெட் மலிவானதாக இருந்தாலும், விலையுயர்ந்தது தாண்டும் அதே அடிப்படைச் சோதனையைத் தாண்டித்தான் வருகிறது. அதிக விலை கொடுத்து ஆபத்தை வாங்குவதும் நடக்கும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கோடு கார்பன் சக்கரத்தைப் பூட்டினால் மழையில் பிடிமானம் குறையும், நீண்ட இறக்கத்தில் ரிம் சூடேறிக் கெட்டுப்போகவும் கூடும். கண்டி மழைக்கு டிஸ்க் பிரேக் கேட்பது ஆடம்பரமல்ல.

வீட்டுக் கணக்குக்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. உண்மை விலையை மனைவியிடமோ கணவரிடமோ பெற்றோரிடமோ சொல்ல நா கூசுகிறதென்றால், அந்தத் தொகை கூடிவிட்டது. தவணைக்கு எடுத்த சக்கரத்துக்காகப் பிள்ளையின் ரியூஷன் காசு தள்ளிப்போகிறதென்றாலும் அப்படித்தான்.

இவ்வளவுக்கும் பிறகும், வசதியுள்ள ஒருவர் கேட்கலாம்: கடனில்லை, வீட்டில் ஒளிவுமறைவில்லை, என் உழைப்பின் காசு, இதில் மற்றவருக்கு என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய இடம் அவருடைய பணப்பை அல்ல, அவர் சேர்ந்து ஓடும் கூட்டம். சைக்கிள் ஓட்டம் தனியாள் விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் கூட்டமாகவே வளர்கிறது. ஒருவர் பின்னால் ஒருவர் காற்றை மறைத்துப் போவதும், பஞ்சர் ஒட்டப் பழகுவதும், எந்த வளைவில் சரளை கிடக்கும் என்று அறிவதும் மற்றவர்களிடமிருந்துதான். பத்துப் பேர் உள்ள கூட்டத்தில் மூவர் கார்பனுக்கு மாறினால், மீதி எழுவரின் சைக்கிள் ஒரே இரவில் பழசாகிவிடுகிறது. யாரும் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டார்கள். தேநீர்க் கடையில் நிறுத்தும்போது எல்லோர் கண்ணும் எங்கே போகிறது என்பதே போதும். சாதாரண லுமாலாச் சைக்கிளோடு வந்து நிற்கும் கம்பளைப் பையன், வலுவான காலிருந்தும், அடுத்த ஞாயிறு வருவதில்லை. அந்த மூவர் தங்கள் காசில் தங்களுக்கு வாங்கியதாகத்தான் நினைப்பார்கள். ஆனால் கூட்டத்தில் சேர மற்றவர்கள் கொடுக்க வேண்டிய கட்டணத்தையும் சேர்த்தே உயர்த்திவிட்டார்கள்.

போட்டி உலகம் இந்த ஆபத்தை எப்போதோ கண்டுகொண்டது. இயந்திரத்தைவிட மனிதனே முதன்மை என்று சர்வதேச சம்மேளனம் 1996 இல் லுகானோ சாசனத்தில் எழுதி வைத்தது. பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்ற விதியும் 2000 முதல் இருக்கிறது. கோடிகள் புரளும் இடத்திலேயே கட்டுப்பாடு தேவைப்பட்டால், பொழுதுபோக்குக்காரர் தமக்குத் தாமே ஓர் எல்லை போட்டுக்கொள்வது பெரிய தியாகமல்ல.

எல்லை என்றால் தொகை என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. விலையுயர்ந்த சைக்கிள் வாங்குபவர் கூட்டத்தின் வேகத்தை இரும்புச் சைக்கிள்காரரின் காலுக்கு ஏற்றபடி வைத்திருக்கலாம், சாமான் விலைகளைத் தேநீர்ப் பேச்சிலிருந்து எடுத்துவிடலாம். புதியது வந்ததும் பழையதை விளம்பரம் போட்டு விற்காமல் மிதிக்க ஆளுள்ள இடத்துக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும்போது வெறும் சட்டத்தைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவக்கூடாது. பதினொரு பல்சக்கரக் கெசெட்டும் அதற்கேற்ற செயினும் தேயும், மாற்ற ஆகும் செலவு தோட்டத்து வீடொன்றில் பல நாள் சம்பளம். செயினும் கெசெட்டும் இரண்டு சோடி பிரேக் கட்டையும் புதிதாய்ப் பூட்டி, அடுத்த முறை தேயும்போது யாரிடம் வரவேண்டும் என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.