பகலில் அந்த நாய்க்கு யார்?



கல்முனைப் பக்கத்துக் குடும்பமொன்று சில கிழமைகளுக்கு முன் ஒரு வழக்கோடு என்னிடம் வந்தது. கணவனுக்கு மட்டக்களப்பில் கந்தோர் உத்தியோகம். ஏறக்குறைய 40 கிலோமீற்றர் பஸ் பயணம். மனைவி அம்பாறை நகரில் ஒரு வங்கியில் வேலை செய்கிறார். பிள்ளை பாடசாலை விட்டதும் நேரே ரியூசனுக்குப் போகிறான். காலை ஆறேகாலுக்குப் பூட்டப்படும் படலை மாலை ஐந்தரைக்குத்தான் திறக்கிறது. இடையிலுள்ள பதினொரு மணித்தியாலமும் அந்த வளவில் இருப்பது சங்கிலியிற் கட்டிய ஒரு நாய் மாத்திரமே.

அவர்களுடைய முறைப்பாடு நாயைப் பற்றியதன்று, அயலவரைப் பற்றியது. “ஃபாதர், பக்கத்து வீட்டுக் காக்காவுக்கு எங்கட நாய் குலைக்கிறது பிடிக்குதில்ல. ரெண்டு தரம் சொல்லிப்போட்டார். அவங்களுக்கு நாயெண்டாலே ஆகாதுதானே. நாங்க என்ன செய்யிற?” என்றார் கணவன். அவருடைய குரலில் ஒரு கசப்பு இருந்தது. அந்தக் கசப்புத்தான் என்னை அங்கே போகச் செய்தது. கல்முனையைப் போன்ற ஊரில், தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மதிலின் இரு பக்கமும் வாழும் இடத்தில், நாய் குலைப்பதும் சில வேளைகளில் சமயப் பிணக்காகிவிடும்.

சனிக்கிழமை போனேன். மதிலுக்கு அப்பால் நின்ற அந்த முஸ்லிம் பெரியவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன். “நாய்ல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல ஃபாதர். அது பகல் முழுக்கக் கத்துற கத்துலதான் மனம் கேக்குதில்ல. பத்து மணிக்குத் தண்ணிச் சட்டி கவிழ்ந்திரும். பிறகு பொழுதுபடுமட்டும் ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நான்தான் மதிலுக்கு மேலால வாளியால ஊத்துறன். எங்களுக்கு அதத் தொடத்தான் ஏலா. தண்ணி குடுக்க ஏலாதெண்டு ஆரு சொன்ன?”

கணவனும் மனைவியும் தலைகுனிந்து நின்றார்கள். வெறுப்பென்று அவர்கள் எண்ணியிருந்தது இரக்கமாக இருந்தது.

வாசகர்களே, இந்தக் குடும்பம் கொடிய குடும்பமன்று. அந்த நாய்க்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், தடுப்பூசி போட்டிருக்கிறார்கள், இரவில் நல்ல சோறு வைக்கிறார்கள். அப்படியானால் பிழை எங்கே நுழைந்தது? விசாரித்தபோது ஒரு விடயம் தெரியவந்தது. சென்ற ஆண்டு வரை அந்த வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். காலையில் நாயை அவிழ்த்துவிட்டவர் அவர். நண்பகலில் கஞ்சி ஊற்றியவர் அவர். வெயில் ஏறும்போது அதை நிழலுக்கு மாற்றிக் கட்டியவரும் அவரே. ஆச்சி இறந்தபோது வீட்டார் தாயை இழந்தார்கள். நாய் தன் பகலை இழந்தது. அவர் செய்துவந்த வேலைக்கு ஒரு பெயர் இல்லாததனால், அது இல்லாமற் போனதை எவரும் கவனிக்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மாத்திரமன்று. முன்னர் நம் வீடுகளில் பகலில் எப்போதும் ஒருவர் இருந்தார். நாயும் கட்டப்பட்டு இருக்கவில்லை. வயலுக்குப் போகிறவர் பின்னால் போகும், கடற்கரையில் கரைவலை இழுக்கிற இடத்தில் படுத்திருக்கும், நாலு வீட்டில் சாப்பிடும். இன்று இருவரும் உழைத்தால்தான் குடும்பம் ஓடுகிறது. அது குற்றமன்று. வீடுகளும் நெருங்கிவிட்டன. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்தபோது, இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பலிகொடுத்த மாவட்டம் அம்பாறையே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் வீடிழந்தது. இன்று நம் ஒழுங்கைகளில் நாயை அவிழ்த்துவிட்டால் அது அடுத்தவர் வாசலில்தான் நிற்கும், அல்லது வாகனத்தில் அடிபடும். ஆகவே கட்டுகிறோம். கட்டிய பின் மறந்துவிடுகிறோம்.

“மனிதருக்கே பராமரிப்பு இல்லாத நாட்டில் நாய்க்குப் பகற் பராமரிப்பா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், சிரித்துத் தள்ளக்கூடாது. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரு பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்கிறது. மனிதரின் துயர் துடைக்க முதலிற் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும் அதே இடத்தில் எச்சரிக்கிறது. ஆனால் நம் வழக்கிலுள்ள நாய் கேட்பது பணத்தையா? கவிழாத ஒரு சட்டித் தண்ணீர், நகரும் நிழல், நண்பகலில் ஒரு மனித முகம். இவற்றை மறுப்பதால் எந்த ஏழையின் பசியும் தீர்வதில்லை.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அக்குவினா தோமையார் வேறொரு காரணம் கூறினார். விலங்குக்குக் கொடுமை செய்து பழகியவன் மனிதனுக்கும் செய்வான், ஆகவே அது விலக்கப்பட்டது என்பது அவர் கருத்து. இது உண்மையே. ஆயினும் இத்துடன் நிறுத்தினால் நம் வழக்கு தீராது. அந்தத் தம்பதியர் மனிதரிடத்தில் நல்லவர்கள். நாளையும் நல்லவர்களாகவே இருப்பார்கள். அவர்களுடைய கடன், தங்கள் குணம் கெட்டுப்போகும் என்ற பயத்தினால் மாத்திரம் வருவதன்று. அந்த உயிரை அவர்கள் ஏற்றுக்கொண்டதனால் வருவது. நீதிமான் தன் விலங்கின் உயிரையும் கவனிக்கிறான் என்று நீதிமொழிகள் நூலின் 12ஆம் அதிகாரம் கற்பிக்கும்போதும், தன் பொறுப்பில் உள்ள விலங்கையே குறிப்பிடுகிறது.

நாய் தானாக நம்மிடம் அடிமையாகவில்லை. மனிதரோடு மிக நீண்ட காலம் கூடி வாழ்ந்து, தனிமையைத் தாங்க முடியாத இயல்பைப் பெற்றுவிட்டது. ஜெர்மனியில் பொன் நகருக்கு அருகே 1914இல் ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. ஏறக்குறைய 14,000 ஆண்டுகள் பழமையான அக்குழியில் ஓர் ஆணும் பெண்ணும், அவர்களுடன் ஒரு நாய்க்குட்டியும் கிடந்தன. அதன் பற்களைச் சோதித்தவர்கள் 2018இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் குட்டி கொடிய நோயொன்றில் வாரக்கணக்காகக் கிடந்திருக்கிறது. மனிதர் அருகிருந்து கவனித்திராவிட்டால் அத்தனை நாள் பிழைத்திருக்க முடியாது என்றார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத குட்டி அது. எழுத்தறியாத அந்த மக்கள் அதன் பகலையும் இரவையும் பார்த்துக்கொண்டார்கள்.

இனி, வேலைக்குப் போகிறவர் நாயை என்ன செய்கிறார் என்று பார்ப்போம். பெரும்பாலும் நாலு வழி. முதலாவது சங்கிலி. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும்போது, காலையில் நிழலாயிருந்த இடம் நண்பகலில் வெயிலாகிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதற்குத் தண்ணீர் வேண்டும். இரண்டாவது வழி, கேளாமலே அயலவர் தலையில் பாரத்தைச் சுமத்துவது. மூன்றாவது, மறுத்துப் பேச முடியாத ஒருவரிடம் விடுவது: வீட்டு வேலைக்கு வரும் பெண், நோயுற்ற கிழவர், பத்து வயதுப் பிள்ளை. நாலாவது, இரவோடிரவாகச் சந்தையடியிலோ கடற்கரையிலோ கொண்டுபோய் விட்டுவிடுவது. கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அரசு 2006இல் ஏற்றது. நல்ல கொள்கை. ஆனால் நாம் வீசும் ஒவ்வொரு குட்டியும் தெருவிற் பெருகி, விசர்நாய்க்கடிப் பயத்தை ஏழையின் பிள்ளைக்குக் கொண்டுபோகிறது. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் அந்நோயால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஏறக்குறைய எல்லாமே நாய்க்கடியால்.

இந்த நாலு வழிக்கும் பொதுவான ஒன்று உண்டு. நாயை வைத்திருக்கும் மகிழ்ச்சி நமக்கு, அதன் பாரம் இன்னொருவருக்கு. அந்த இன்னொருவர் சில வேளை அயலவர், சில வேளை அந்த நாயே.

அயலவரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் முஸ்லிம் சகோதரர் நாயை வெறுக்கிறார் என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி நெறியில், நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட பொருளை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் சேர்த்த நீரால், கழுவவேண்டும். தொழுகைக்குரிய தூய்மை பற்றிய சட்டம் அது. அதே சமயத்தில்தான், தாகத்தால் தவித்த நாய்க்குத் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவனின் பாவம் பொறுக்கப்பட்டது என்ற நபிமொழியும் உண்டு. குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில், குகையில் துயின்ற இறைபக்தர்களோடு அவர்களுடைய நாயும் வாசலிற் படுத்திருக்கிறது. ஆகவே, நம் நாய் அவர் வாசலில் ஏறினால் அவருக்கு உண்டாகும் சங்கடம் உண்மையானது, அதை மதிக்கவேண்டும். அவருடைய இரக்கமும் உண்மையானது. அதை நாம் சுரண்டக்கூடாது.

அப்படியானால் நேரிய ஏற்பாடு எது? நம் மக்கள் பலர் 1983க்குப் பின் குடியேறிய சுவிஸ் நாட்டில் 2008ஆம் ஆண்டின் சட்டவிதி ஒன்று உண்டு. நாய்க்கு நாள்தோறும் போதிய மனிதத் தொடர்பு இருக்கவேண்டும். கட்டி வளர்க்கும் நாயைப் பகலில் ஐந்து மணித்தியாலமாவது அவிழ்த்துவிட வேண்டும். மற்ற நேரத்தில் ஓடுகம்பியிற் பிணைத்து 20 சதுர மீற்றரிலாவது நடமாடவிட வேண்டும். நம் நாட்டிலோ மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இல் இயற்றப்பட்டது. ஆனால் பூட்டிய படலைக்குள் எந்தச் சட்டமும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே மனச்சாட்சி ஒன்றுதான் பார்க்கவேண்டும்.

அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினோம். இரண்டு மரங்களுக்கிடையில் கம்பி கட்டி, அதில் வளையம் போட்டுச் சங்கிலியைக் கோத்தார்கள். நாய் இப்போது நிழலோடு நகர்கிறது. கவிழாதபடி ஒரு மண்சட்டியை நிலத்திற் பாதி புதைத்தார்கள். பாண்டிருப்பிலிருந்து, தனித்து வாழும் முதியவர் ஒருவர், நாய்களோடு பழகியவர், நண்பகலில் சைக்கிளில் வந்து அதை அவிழ்த்து வளவில் ஒரு மணித்தியாலம் நடக்கவிட்டு, உணவு வைத்துப் போகிறார். அவருக்கு மாதக் கூலி பேசியிருக்கிறார்கள். “அப்பு, சும்மா வந்து பாருங்கோ” என்று கேட்கத்தான் முதலில் எண்ணியிருந்தார்கள், நான் மறித்தேன். வேலை என்றால் கூலி உண்டு. காக்காவிடமும் போய் மன்னிப்புக் கேட்டு, ஏதும் நேர்ந்தால் அழைக்கத் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தார்கள். வேறெதையும் அவரிடம் கேட்கவில்லை.

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. கூலி கொடுக்க வழியில்லை, வர ஆளுமில்லை என்றால், பகலில் ஆள் இருக்கும் ஒரு வீட்டுக்கு நாயைக் கொடுத்துவிடுவது தோல்வியன்று. இன்னும் நாய் வாங்காதவர், பிள்ளை அழுகிறது என்பதற்காகக் குட்டியைத் தூக்கி வருமுன், பகல் பன்னிரண்டு மணிக்கு அதன் அருகில் யார் இருப்பார் என்று கேட்டுப் பார்க்கட்டும். பதில் இல்லையென்றால் பிள்ளை அழட்டும். அந்த அழுகை இரண்டு நாளில் ஓயும்.

இதை நான் பிழையற்றவனாக எழுதவில்லை. முன்பு ஒரு பங்கில் என் காலடியில் ஒரு நாய் வளர்ந்தது. மாற்றல் கடிதம் வந்தபோது புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினேன், நாயைப் பற்றி ஒருவரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன். அது பல நாள் பங்கு மனை வாசலிற் படுத்திருந்தது என்று பின்னர் அறிந்தேன். தோபியாவின் கதையைப் படிக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். இளைஞன் தூரப் பயணம் புறப்பட்டபோது நாயும் கூடவே போயிற்று. திருநூல் அதன் பெயரைச் சொல்லவில்லை, அது கூடப் போனதைச் சொல்ல மறக்கவுமில்லை.

நாம் நாயைக் கந்தோருக்கு அழைத்துப்போக முடியாது. ஆனால் நாளைக் காலை படலையைப் பூட்டும்போது ஒரு கணம் நின்று திரும்பிப் பார்க்கலாம். தண்ணீர் இருக்கிறதா? நிழல் எந்தப் பக்கம் போகும்? நண்பகலில் யார் வருவார்? இம்மூன்றுக்கும் பதில் இருந்தால், நிம்மதியாகப் பஸ் ஏறுங்கள்.