வேலைக்காரனின் அரைக்கச்சை



மே மாதம் 1-ந் தேதி, தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாள். 1955-ம் ஆண்டில் 12-ம் பத்திநாதர் பாப்பரசர் இதை ஸ்தாபித்தார். அன்று கொத்தனாரும் தச்சரும் தங்கள் கருவிகளைக் கோவிலுக்குக் கொண்டுவந்தால் மந்திரித்துத் தருவோம். ஆனால் மந்திரித்த சுத்தியலும் சாரத்திலிருந்து விழுந்தால் கீழே நிற்பவன் மண்டையை உடைக்கும்.

கையில் கருவியைப் பிடித்து ஏறுகிறவனுக்கு ஏணியைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சும். வேஷ்டி மடிப்பில் செருகிய உளி, கால் சறுக்கினால் வயிற்றில் பாயும். பலகைமேல் வைத்த கரணையோ, கால் பட்டதும் கலவை சுமக்கும் சித்தாளின் தலையில் விழும். இதற்குப் பரிகாரம், இடுப்பில் கட்டும் தோல்பட்டையும் பையும். அல்லது பைகள் தைத்த முரட்டுத்துணி. கூர்நுனி கீழ்நோக்கி உறைக்குள் இருக்கட்டும்.

இது அற்பக் காரியமோ? புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்காமல் ஒருவன் விழுந்து செத்தால், இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வருமென்று உபாகமம் 22-ம் அதிகாரம் எச்சரிக்கிறது. பிறர் உயிரைக் காப்பது ஐந்தாம் கற்பனையைச் சேர்ந்தது. ஆகையால் மேஸ்திரிமாரே, இந்தப் பையை வாங்கிக் கொடுப்பது தருமமல்ல, உங்கள் கடமை.

நம் ஆண்டவரும் கடைசி இராப்போஜனத்தில் அரையில் துணி கட்டிக்கொண்டே சீஷர்களின் பாதங்களைக் கழுவினார். பிறருக்காக அரையைக் கட்டுவது அவர் காட்டிய வழி. ஆகவே 1-ந் தேதி கருவிகளை மாத்திரமல்ல, அவற்றைச் சுமக்கும் பையையும் கொண்டுவாருங்கள்; இரண்டையும் மந்திரிப்போம். ஆமென்.

உங்கள் பங்குக் குருவானவர்